பாலாடையில் ஊற்றிய கஞ்சி

பெரியநாயகசாமி இறந்து முப்பதாம் நாள். காலைத் திருப்பலி முடிந்து உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். தவக்காலம் என்பதால் சாம்பாரும் முருங்கைக்காயும்தான். கறி இல்லாத குறையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அவர் மகள் அமலியின் படிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதென்ன படிப்பு, பிசியோவா?" என்றான் சித்தப்பா மகன் லியோ.

"இல்ல. ஆக்குபேஷனல் தெரபி. முடங்குனவங்களைத் தன் வேலையத் தானே செய்ய வைக்கிறது."

"ரெண்டும் ஒண்ணுதானே? கையைக் காலைப் புடிச்சு ஆட்டுறது."

"ஆட்டுறதோட விட்டாளா? மம்பட்டியக் குடுத்து அப்பனை வயல்ல இறக்குனா. நோயாளிகிட்ட வேல வாங்குனா உசுரு தங்குமா?" என்றது பந்தியின் கோடியிலிருந்து ஒரு குரல்.

அமலி ரச வாளியை நங்கென்று தரையில் வைத்தாள். பதில் பேசினால் அம்மா அழுவாள்.

சென்னையில் கல்லூரி. கடைசி வருடம். இன்னும் பத்து நாளில் நோயாளிப் பதிவேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு நோயாளியை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து, செய்ததையும் விளைந்ததையும் எழுத வேண்டும். அவள் எழுதிக்கொண்டிருந்தது அப்பாவைப் பற்றி. சாவுச் செய்தி கேட்டு, கல்லூரியில் அவளை வழிநடத்தும் ஸ்ரீவித்யா மேடம் போனில் சொன்னார்: "வேற கேஸ் தரேன்மா. வார்டுல ஆறு பேர் இருக்காங்க. உன் நிலைமையில யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

நல்ல மனதோடு சொன்னதுதான். அதுவே அவளுக்கு எரிந்தது. அப்பாவை எடுத்துவிட்டு இன்னொருவரைச் செருகுவதாம். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிவிட்டு வந்த அப்பா வரப்பிலேயே சாய்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பாதி வாய். தஞ்சாவூரில் உயிரைக் காப்பாற்றி, மாத்திரைச் சீட்டோடு ஒரத்தநாட்டுப் பக்கமிருந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமலி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தாள். நோயாளியிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று படித்திருந்தாளோ அதையே கேட்டாள்.

"என்னப்பா செய்யணும் உனக்கு?"

நடக்கணும் என்பார் என்று நினைத்தாள். குழறிக் குழறி அவர் சொன்னது: "மடை திறக்கணும்."

அதையே இலக்காக எழுதிக்கொண்டாள். மணலை அள்ளச் செய்தாள். டம்ளரைப் பிடிக்க, சட்டைப் பொத்தானைப் போட, துணியைப் பிழிய, கயிற்றை இழுக்கச் செய்தாள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஐந்து படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். பாதிதான் மூடும் விரல்களுக்குத் தோதாக, மண்வெட்டிக் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினாள். "சாமி மம்பட்டிக்கே கட்டுப் போட்டாச்சு" என்று ஊர் சிரித்தது. ஜனவரியில், கல்லணைக் கால்வாயில் தண்ணீர் நிற்பதற்கு முன்னால், அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் மூன்று வெட்டு வெட்டினார். மடை உடைந்தது. தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

பிப்ரவரியில் அறுவடை. நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடக்க, வானம் கறுத்தது. அம்மா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினாள். முறை வராமல் மூன்று நாள் அங்கேயே கிடந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா செங்கோல்மேரி. நாலாம் நாள் காய்ச்சல். "கஞ்சி நுரையீரலுக்குள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு ஐந்து நாள்தான் இருந்தார்.

எப்படிப் போனது? முப்பது நாளாக அமலி இதைத்தான் குடைந்துகொண்டிருந்தாள். அம்மா எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்துத்தானே கொடுப்பாள்?

பந்தியில் மூக்கைச் சிந்திக்கொண்டே அத்தை சொன்னாள்: "என் தம்பிக்கு நான் ஒரு கொறையும் வைக்கல. ஒடம்பு அலுங்கக் கூடாதுன்னு மல்லாக்கப் படுக்க வச்சே குடுத்தேன். எங்கம்மாவுக்கு ஊத்துன அதே வெள்ளிப் பாலாடை. ஒரு சொட்டு வெளிய சிந்தல. இருமக்கூட இல்ல."

பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்.

அமலி அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, உள்ள வாங்க."

"எதுக்கும்மா?"

"வாங்கன்னா வாங்க."

அப்பாவின் கட்டிலில் அத்தையை மல்லாந்து படுக்கச் சொன்னாள். ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அத்தை விழுங்கப் பார்த்தாள், புரையேறியது. எழுந்து உட்கார்ந்து கண் சிவக்க இருமினாள்.

"உங்களுக்கு இருமல் வந்துச்சு, வெளிய தள்ளிடுச்சு. அவருக்குத் தொண்டை பாதி மரத்துப் போச்சு. இருமவும் வராது. சிந்தல, சிந்தலங்கிறீங்களே, எங்க போச்சுன்னு ஒரு தடவ யோசிச்சீங்களா?"

அத்தையின் இருமல் நின்றது. "அப்போ… நானா?"

இல்லை என்று சொல்ல அமலிக்கு விருப்பமில்லை. இந்த முகத்தைப் பார்க்கத்தான் முப்பது நாளாகக் காத்திருந்தது போல நின்றாள்.

அத்தை மெதுவாகக் கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். "படிக்கத் தெரியாதவன்னுதானே எனக்குப் படமாப் போட்டே. ஒண்ணு விடாம செஞ்சேன். துணி புழிய வச்சேன், கயிறு இழுக்க வச்சேன். சோறு குடுக்குற படம் அதுல இல்லியே, அம்மாடி."

இல்லைதான். ஐந்தும் கை.

டிசம்பரில் மேடம் கேட்டார்: "விழுங்குறது எப்படி இருக்கு, பாத்தியா?" "உக்கார வச்சுத்தான் குடுக்குறாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் 'சிக்கல் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மடையே கண்ணில் நின்ற மாதம் அது.

"அந்தப் பாலாடை எங்க?" குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

"பக்கத்து வயல் சித்தீக் வீட்டுல கேட்டாங்க. அவங்கம்மாவும் அதே மாதிரி விழுந்து…" அத்தை பாதியில் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறுங்க வண்டில."

இரண்டு தெரு தள்ளித்தான். ஸ்கூட்டர் நிற்பதற்குள் அத்தை குதித்தாள். அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடி அமலி பார்த்ததில்லை.

"நிலோஃபர், ஊத்தாத! ஊத்தாத!"

சித்தீக்கின் மனைவி கையில் பாலாடையோடு திரும்பினாள். கட்டிலில் மாமியார் மல்லாந்து கிடந்தார். கஞ்சி அப்போதுதான் ஆறியிருந்தது. அத்தை பாலாடையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள்.

அமலி முதுகுக்குத் தலையணை அடுக்கி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். மோவாயைச் சற்றுக் கீழே இறக்கினாள். சின்ன ஸ்பூனில் பாதி. தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து அடுத்தது. "சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட விழுங்குறதைச் சோதிக்கச் சொல்லுங்க."

"இதை யாருமே சொல்லலீங்களே," என்றாள் நிலோஃபர்.

"நானும் சொல்லல," என்றாள் அமலி.

சாயங்காலம் மேடத்துக்குப் போன் போட்டாள். மடியில் பதிவேடு. அந்த டிக்கைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தாள்: சோதிக்கவில்லை. வீட்டாருக்குக் கற்றுத்தரவில்லை.

"கேஸ் மாத்தல மேடம்."

விவரம் கேட்டு முடித்ததும் மேடம், "வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் அந்தப் பக்கத்துலயே நின்னுடுவாரும்மா. அப்பா கைக்கு நீ செஞ்சது எதையும் பாக்க மாட்டாரு" என்றார்.

"நிக்கட்டும் மேடம். அங்கதான் நிக்கணும்."