நாய்க்கு வந்த பங்கு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராது; எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்படிதான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் இருந்தோம். கண்மாய்க்குள் அரசாங்கம் வளர்த்த கருவேலந்தோப்புக்கு என் வீட்டுக்காரர் வாட்சர். நிரந்தரமில்லாத வேலை. மரம் வெட்டவிடக் கூடாது, முயல் பிடிக்கவிடக் கூடாது.

கம்பும் சோளமும் விளைந்த வருஷங்களில் அவருக்குச் சிரமமே இல்லை. முயல் குறுக்கே ஓடினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மழை பொய்த்த அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் குதிர் காலி. ரேசனிலும் அரிசி போடவில்லை. தோப்பைச் சுற்றி வலை கட்ட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் வேட்டைக்கு ஓடிய நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. வளர்த்தவர் கூட வந்தாரா என்று பார்ப்பதில்லை. பங்கு வீடு தேடி வரும். என் வீட்டுக்காரர் சங்கரன்கோவில் ஆபீசுக்குப் போயிருந்த ஒரு நாள், எங்கள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வேட்டைக்காரர்களோடு ஓடிவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர், எனக்குக் கொழுந்தன் முறை, கறியைப் பனையோலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ன மதினி பாக்கிய? பிடிங்க."

"வேண்டாம். அவிய வந்தா ஏசுவாவ."

"ஒங்களுக்கு யாரு தந்தா? நாய்க்குல்லா தாரேன். வாட்சரு வீட்டு நாய், தோப்புல சந்துபொந்தெல்லாம் அதுக்குத்தான் தெரியுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் ஆபீசர் தோப்பைப் பார்க்க வருகிறார். பங்கை வாங்கிவிட்டால் என் வீட்டுக்காரரால் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. அது தெரிந்தால் வேலை போய்விடும். வாங்காவிட்டால் பகை. நாங்கள் தண்ணீர் எடுப்பதே கொழுந்தனார் கிணற்றில்தான். முதுகுக்குப் பின்னால் என் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த ஓலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து அவர்கள் தின்றது வறுத்த புளியங்கொட்டைதான்.

வாங்கினேன்.

இவர் வந்தபோது வாடை வாசல்வரைக்கும் இருந்தது.

"வாங்கிட்டியா?"

"நாய்க்குன்னு சொன்னாவ."

"நாய் தின்னுச்சா?"

நான் தட்டை எடுத்து வைத்தேன். சட்டையைக் கழற்றாமல் அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"கரையோரப் பொதருல ஒரு முயலு குட்டி போட்டுருந்துச்சு. அதுதானோ என்னவோ" என்றார்.

கறி போடச் சொல்வதுபோல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். சாப்பிட்டு எழுந்து, நாயைச் சங்கிலி போட்டுக் கட்டினார்.

மறுநாள் ரேசனில் அரிசி போட்டார்கள். ஊரே பையோடு வரிசையில் நின்றது. வேட்டைக்கு யாரும் போகவில்லை. தோப்புக்குள் ஆள் வருகிறதா என்று ஆபீசர் கேட்டார். இல்லை என்று இவர் சொன்னார்.