தலைமைப் பயிற்றுநர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்

உதைபந்தாட்டப் பயிற்றுநர் என்பவர், தான் தொடவே கூடாத ஒரு பந்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர். நீங்களும் எப்போதாவது பதினொரு தமிழ் ஆண்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரச்சொல்லிப் பார்த்திருந்தால், என் நிலைமை சொல்லாமலே விளங்கும். வார நாட்களில் எனக்கு லா கூர்னெவில் பொதிகள் அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் பாரிஸ் பழைய மாணவர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர். தலைமை என்றதும் எனக்குக் கீழே வேறு பயிற்றுநர்கள் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அழைப்பிதழில் பார்க்க நன்றாக இருக்கும் என்று போட்டது.

நியமனம்

ஆறு வருடங்களுக்கு முன், லா சப்பலில் குகதாசன் அண்ணையின் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் ஒரு மட்ச். "இடப்பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறான், அங்கை குடடா!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். அடுத்த விநாடி பந்து அந்த இடப்பக்கத்து ஆளிடம் போனது, கோலும் விழுந்தது. கடையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குகதாசன் அண்ணை கதிரையை விட்டு எழும்பி வந்தார். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் அவர்தான்; நான் அங்கே படித்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

"கல்லூரியிலை எந்த இடத்திலை விளையாடினனீர்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். நான் விளையாடியதே இல்லை. எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி உடைந்துவிடும் என்று வீட்டில் விடவில்லை. மட்ச் நாட்களில் சுண்ணாம்பு வாளியோடு போய்க் கோடு போடுவதுதான் என் வேலை. இதைக் கேட்டு அவர் என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"விளையாடினவனுக்கு அவன் நிண்ட இடம் மட்டும்தான் தெரியும். கோடு போட்டவனுக்கு முழு மைதானமும் தெரியும். ஞாயிறு பத்து மணிக்கு வாரும்."

நேரே

எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் நிரோஷ். இருபத்திரண்டு வயது, பாரிசுக்குப் பக்கத்து ஸ்தேனில் பிறந்து வளர்ந்தவன். தகப்பன் எங்கள் கல்லூரியில் படித்தவர். நிரோஷின் ஓட்டத்துக்கு எங்கள் அணியில் ஈடில்லை. தமிழில் மட்டும் சாப்பாட்டுச் சொற்களுக்கு அப்பால் போகமாட்டான். அதனால் அவனுக்கு என் பயிற்சி பிரெஞ்சில்தான். பிரெஞ்சில் வலப்பக்கம் என்றால் 'துருவாத்'. நேரே என்றால் 'துருவா'. பதினெட்டு வருடம் பாரிசில் இருந்தும், அவசரத்தில் அந்தக் கடைசி 'த்' எனக்கு வராது.

ஒரு மட்ச்சில் நடுவிலே பந்து அவனுக்குக் கிடைத்தது. முகம் பக்கக் கோட்டைப் பார்த்தபடி நின்றான். "துருவா! துருவா!" என்று கத்தினேன். சொல்வழி கேட்கிற பிள்ளை. நேரே போனான். கோட்டைத் தாண்டினான். தண்ணீர்ப் போத்தல்களைத் தாண்டினான். பக்கத்து மைதானத்தில் மாலி நாட்டவர்களின் இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தன; அதற்குள் புகுந்து, இரண்டு பேரை வெட்டிக் கடந்து, அங்கே ஒரு கோல் அடித்துவிட்டுத்தான் நின்றான். அவர்களில் பாதிப் பேர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள், மற்றப் பாதிப் பேர் நடுவரிடம் ஓடினார்கள். நான் வியர்க்க விறுவிறுக்கப் போய் மன்னிப்புக் கேட்டேன். கட்டிப்பிடித்தவர்களின் பயிற்றுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ரகசியமாகக் கேட்டார்:

"மன்னிப்பை விடுங்கள். இவன் புதன்கிழமைகளில் எங்கள் பயிற்சிக்கு வருவானா?"

ஜெறோமின் காய்ச்சல்

கோல் காப்பாளர் ஜெறோம், ஓர் உணவகத்தில் சமையல்காரர். ஞாயிறு மதியம் அங்கே கூட்டம் நெரியும். அவருடைய 'பத்ரோன்', அதாவது முதலாளி, தமிழர்தான், லீவு கொடுக்கமாட்டார். பழைய மாணவர் அணிகளின் வருடாந்தச் சுற்றுப்போட்டியில் அரையிறுதி அன்று ஜெறோம் காலையிலேயே உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நூற்றிரண்டு காய்ச்சல், எழும்ப முடியவில்லை என்று முனகிவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். பிழைதான். ஆனால் நான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள், எங்களிடம் இரண்டாவது கோல் காப்பாளர் ஒருவர் இருப்பதாக நினைக்கிறார்கள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்க, நாங்கள் ஒரு கோல் முன்னால். எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அந்த நேரம் ஜெறோமின் காற்சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுக்காவிட்டால் முதலாளிக்குச் சந்தேகம் வரும் என்று பயந்து எடுத்துவிட்டார். மட்டன் கறிக்கு அரைத்த கூட்டு எந்த வாளியில் இருக்கிறது என்று கேள்வி. "நீல மூடி, பத்ரோன், நீல மூடி" என்று ஈனக் குரலில் சொல்லிக்கொண்டே இடப்பக்கம் பாய்ந்தார். ஒரு கை காதில். மற்றக் கையில் பந்து பட்டு வெளியே போனது. மைதானமே எழும்பிக் கூத்தாடியது. நடுவர் மஞ்சள் அட்டையோடு ஓடிவந்தார். ஜெறோம் நிலத்தில் கிடந்தபடியே தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். அதற்குள்ளிருந்து வந்த குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது:

"உனக்குக் காய்ச்சல் எண்டதுக்கு ஏன் இவ்வளவு பேர் கைதட்டுறாங்கள்?"

இடைவேளை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே வயிறு முட்டுகிறது. இடைவேளையில் தோடம்பழம் போதும் என்று ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். நிரோஷின் தாயார் ஆறு வருடமாக ஒரு சட்டி கொத்துரொட்டியோடு வருகிறார். முதல் பாதியில் புலிபோல ஓடுகிறவர்கள் இரண்டாம் பாதியில் நிறைமாதக்காரிகள்போல நடப்பார்கள். ஒருமுறை துணிந்து சட்டிக்குக் குறுக்கே நின்றேன். அவர் கரண்டியால் என்னை விலக்கிவிட்டுச் சொன்னார்:

"ஓடத்தானே போறாங்கள் அண்ணை, செமிச்சுப்போம்."

கல்லூரிக் கீதம்

இறுதிப் போட்டியில் எங்களோடு மோதியது, ஊரில் எங்கள் மதிலுக்கு அடுத்த மதில் கல்லூரி. மூன்று வருடமாக அவர்களிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தோம். "இந்த முறையும் விட்டால் அணியைக் கலைச்சுப்போட்டுக் கரம் பலகையிலை காய் சுண்டி விளையாடுவம்" என்று குகதாசன் அண்ணை கூட்டத்தில் அறிவித்திருந்தார். சிரிப்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானம் இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் களஞ்சியமும் ரயிலும்தான் மிச்சம்.

மட்ச் தொடங்க முன்னர் எதிரணி முறைப்பாடு கொடுத்தது. எங்கள் பின்வரிசைத் தூண் கிளமென்ற் பழைய மாணவரே இல்லையாம். உண்மைதான். கிளமென்ற் மன்னார்க்காரர். எங்கள் கல்லூரிக்குள் அவர் கால் வைத்ததில்லை. அங்கே படித்த ஒருவரின் தங்கையைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். பழைய மாணவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மட்டும் ஆடலாம் என்பது விதி. கூடாரத்துக்குள் ஒழுங்கமைப்புக் குழுவினர் மூன்று பேர் இருந்து, "கல்லூரிக் கீதத்தைப் பாடும், பார்ப்பம்" என்றார்கள். இப்படி ஒருநாள் வரும் என்று தெரிந்து, அதற்கு முந்தின வாரமே ரயிலில் வைத்து நான் அவருக்கு அதைப் படிப்பித்திருந்தேன். கோயில் பாடகர் குழுவில் பாடிய குரல். கண்ணை மூடி மூன்று சரணமும் பாடினார். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். குகதாசன் அண்ணைக்கு உணர்ச்சி பொங்கி, "எல்லாரும் சேர்ந்து பாடுங்கோ!" என்று கையை உயர்த்தினார். மற்றப் பத்துப் பேரும் வாயைத் திறந்தார்கள். நிரோஷின் தலைமுறைக்கு ஒரு வரியும் தெரியாது. மூத்தவர்கள் முதல் வரியோடு முணுமுணுப்பில் இறங்கினார்கள். ஜெறோம் மாதாவின் பாட்டுக்குப் போய்விட்டார். குழுத் தலைவர் பேனையை மூடினார்.

"கிளமென்றிலை ஒரு சந்தேகமும் இல்லை. மற்றப் பத்துப் பேரையும்தான் இனி விசாரிக்க வேணும்."

மருமகன்

விசாரிக்க நேரமில்லாததால் ஆட விட்டார்கள். எதிரணியின் பின்வரிசையில் பிரதீபன் நின்றான். அவன் குகதாசன் அண்ணையின் மருமகன். சம்பந்தம் பேசும்போது சாதகம் பார்த்தார்கள், வேலை பார்த்தார்கள். எந்தக் கல்லூரி என்று பார்க்க மறந்துவிட்டார்கள். அன்று அவன் சுவர் மாதிரி நின்றான். நிரோஷ் நாலு முறை போய் நாலு முறையும் அவன் காலில் பந்தைக் கொடுத்துவிட்டு வந்தான். கரம் பலகை என் கண்ணுக்குள் வந்து நின்றது.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமலே போக, கடைசி நிமிடத்தில் எங்களுக்கு மூலை உதை கிடைத்தது. நிரோஷ் உயர அடித்தான். வெளியே தள்ளுவதற்காகப் பிரதீபன் எல்லோருக்கும் மேலே எழும்பினான். பந்து அவன் பின்தலையில் பட்டு அவர்களுடைய வலைக்குள்ளேயே போய் விழுந்தது. நாங்கள் வென்றுவிட்டோம். குகதாசன் அண்ணை கோட்டும் சூட்டுமாக மைதானத்துக்குள் ஓடினார். எங்கள் ஆட்டக்காரர்கள் கைகளை விரித்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய் மருமகனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். எதிரணி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. "மாமா, தவறிப்பட்டது எண்டு எங்கட ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று பிரதீபன் கெஞ்சினான். அண்ணை அவன் தோளில் கையைப் போட்டபடி எதிரணியைப் பார்த்து உரத்துச் சொன்னார்:

"இந்தப் பிள்ளையை ஒருத்தரும் ஏசக்கூடாது. என்ர மகளைக் கட்டின நாளிலையிருந்து அவர் எங்கட ஆள்."

அதற்குப் பிறகு பிரதீபனை அவனுடைய அணி மூன்று மாதம் சேர்க்கவில்லை. எங்கள் அணியோ கலையவில்லை, நானும் இன்னும் தலைமைப் பயிற்றுநர்தான். இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது, மைதானத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்பது விசில் ஒன்றுதான், அதையும் நடுவர் வாங்கி வைத்துக்கொள்கிறார்.