வைக்கோல் தீயில் வாட்டிய குழாய்

1997 மே 14, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. அக்கினி நட்சத்திர வெயில், இலை அசையவில்லை. பெருமுக்கல் பக்கம் எங்கள் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்ணுக்குள் விழுது இறக்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் காய் பிடிக்காது. இரண்டு போகம் ஏற்கெனவே பொய்த்திருந்தது. இதுவும் போனால் நிலத்தை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் கிணற்றிலிருந்து வரும் பிவிசி குழாய் ஓர் இணைப்பில் வெடித்தது. எங்கள் பக்கம் காசு கொடுத்து, இரண்டு குழாயை இணைக்கும் கப்ளிங் வாங்கமாட்டோம். குழாயின் வாயை வைக்கோல் தீயில் வாட்டி இளக்கி, அடுத்த குழாயை உள்ளே செருகிவிடுவோம். 1993இல் போட்ட நாற்பத்திரண்டு இணைப்பும் அப்படித்தான்.

குழாய் மாட்டுகிறவர் வெடித்த இடத்தை அறுத்துவிட்டு மறுபடி தீ மூட்டினார். சாம்பல் நிறக் குழாய் மஞ்சளாகிப் பழுப்பானது. மூக்கில் நெடி ஏறியது.

"அமில வாடை வருதுப்பா, எடுத்துடு."

"இன்னும் இளகல சார். தள்ளி நில்லுங்க, பேஜாரு பண்ணாம."

திண்டிவனத்தில் வேதியியல் நடத்தியவன் நான். அந்தப் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் நெடுக குளோரின் அணுக்கள் உண்டு. தயாரிக்கும்போதே சங்கிலி சில இடங்களில் தவறாகக் கிளைத்துவிடும். அங்கே குளோரின் பிடிப்பில்லாமல் இருக்கும். சூடு பட்டால் அது அமிலமாகக் கழன்றுபோகும். ஒன்று கழன்றால் பக்கத்தில் உள்ளதும் தளரும், தையல் பிரிவதுபோல. எந்தக் குழாயில் எத்தனை பழுது என்று வெளியிலிருந்து எண்ண வழியில்லை. எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது.

இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"கிளாஸ் முடிஞ்சிதாங்க? செடி தலைய தொங்க போட்டுக்கினு நிக்குது."

மோட்டாரைப் போட்டதும் அடுத்த இணைப்பு வெடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து. கடைசியில் கப்ளிங் வாங்கி வந்தேன். பக்கத்து நிலக்காரர் வரப்பில் பள்ளம் தோண்ட விடாததால் குழாய் நான்கு வருடம் வெயிலிலேயே கிடந்திருந்தது. கப்ளிங்கைத் தட்டி ஏற்றியதும் குழாய் முட்டை ஓடாக நொறுங்கியது.

முழுக்கப் புதுக் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டபோது பதினோரு நாள் கடந்திருந்தது. செடியைப் பிடுங்கினேன், விழுதெல்லாம் கருகிக் காய்ந்திருந்தது.  

ஆடிக்கு முன்பே நிலம் கைமாறியது. குழாய்க்குத் தனியாக விலை கிடையாது என்றார் வாங்கியவர். குழாய், கப்ளிங், பசை, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 13,870 ரூபாய்.