பச்சை நூலில் தைத்த பெயர்

என் தங்கை நௌசிலா வென்றெடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் வழித்துக்கொண்டுபோன வளவில் மறுபடியும் ஒரு கல்வீடு. கணவனில்லாத வீட்டில் அணையாத அடுப்பு. இருபத்தாறு வயதுக்குப் பிறகு எழுத்து. போர் முடிந்த ஆண்டில் கல்முனைப் பிரதான வீதியில் தன் பெயரிலேயே ஒரு புடவைக்கடை. இவற்றுக்கெல்லாம் முன்பு அவள் வென்றது ஒன்று உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

அவளுக்கு ஆறு வயதில் கலவரத்தால் பள்ளிக்கூடம் மூடியது. திறந்தபோது அவள் போகவில்லை. அவளுடைய காக்காவாகிய நான் ஐந்தாம் வகுப்புவரை படித்த தையற்காரன்.

சுனாமியன்று மாலையே அவள் கணவர் அபுல் ஹஸனின் மையித்தைக் கண்டெடுத்தோம். ஐந்து வயது மகன் பௌசான் கிடைக்கவில்லை. வார் அறுந்த அவனுடைய குர்ஆன் ஓதப்போகும் பை மட்டும் தைக்கக் கொடுத்தபடி என் கடையில் இருந்தது. அதில் அவன் பெயரைப் பச்சை நூலால் நான்தான் தைத்திருந்தேன்.

"மகன்ட மையித்தக் காணல்ல. அப்ப உசிரோட இரிக்கான்" என்றாள்.

தண்ணீரிலிருந்து எடுத்த பலரை லொறிகளில் உள்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றியிருந்தார்கள். அவர்களின் பெயர்கள் கல்முனையில் ஒரு தகவல் நிலையத்துக் கணினியில் இருந்தன. தன் தாயையே தேடிக்கொண்டிருந்த பாண்டிருப்புக் கிசோக் அதன் முன்னால் இருந்தார். நௌசிலா தினமும் நான் வார் தைத்துக்கொடுத்த அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனாள்.

"இல்ல அக்கா."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. ஒங்கட மெசினுக்கு வேற கத தெரியாதா தம்பி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு வெளியே வந்து குழாயடியில் குந்தி, நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாளும் போயிற்று. இனி பிள்ளையும் மௌத்தென்று எண்ணி யாசீன் ஓதுவோம் என்றேன்.

"நீங்க ஓதுங்க காக்கா. நான் தேடப்போறன்."

அன்று கிசோக்கிடம், "நீங்க தேடாதீங்க. எல்லாப் பேரையும் மெல்லமா ஓடவிடுங்க, நான் பாக்கிறன்" என்றாள்.

"அக்காவுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியா. இந்தப் பையப் பாக்கத் தெரியும்."

பையை மடியில் விரித்து, நூலையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம் விரலைக் கண்ணாடியில் குத்தினாள். "இது!"

பௌசான், ஆண், ஐந்து வயது.

கணினிக்கு 'ௌ' ஒரே குறி. பெயர்களை ஏற்றியவர் கண்ணில் பட்டபடி கொம்பைத் தனியாகவும் 'ள'வைத் தனியாகவும் அடித்திருந்தார். நானும் அப்படித் துண்டு துண்டாகத்தான் தைத்தேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது மட்டும் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். எங்கள் ஊரிலோ நௌபர், பௌசியா, றௌபா என்று வீட்டுக்கு ஒருவருக்கு அந்தக் குறி இருக்கிறது.

கிசோக் தலையில் கைவைத்தார். "எத்தின பேர இல்லையெண்டு அனுப்பியிருப்பன், அக்கா!" அப்போதே அந்தக் குறியுள்ள பெயர்களையெல்லாம் இரண்டு விதமாகவும் தேடத் தொடங்கினார்.

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றப்பட்டு, அம்பாறைக்கு அப்பால் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தான். தலை மழித்திருந்தது. தாயைக் கண்டும் கிட்ட வரவில்லை. பிறகு மெல்ல வந்து பையைத் தொட்டான்.

"பைட வார மாமா தெச்சிட்டாரா?"

"ஓம் மகன், தெச்சிட்டார்" என்றாள்.

ஒப்படைக்கும்போது அதிகாரி மைப்பெட்டியை நீட்டினார். கணவரின் மரணப் பதிவுக்கும் நிவாரண அரிசிக்கும் கூடாரத்துக்கும் வைத்துவைத்து அவளுடைய பெருவிரல் நீலம்பாரித்திருந்தது. அவள் பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

"மௌத்துக்கு வெச்ச வெரல இவனுக்கு வெக்கமாட்டன். காக்கா, என்ட பேர எழுதிக் காட்டுங்க."

என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். பேனையைக் கரண்டிபோலப் பிடித்து, ஒவ்வொரு வளைவாக வரைந்தாள். கொம்பு கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது. தாள் அசையாமல் பௌசான் இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்திருந்தான்.

என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை ஒப்பமிட்ட நாள், 2005 பெப்ரவரி 2, புதன்கிழமை.