ஸ்டீபன் ஆல்பத்தில் என் குரல்

குயிலாப்பாளையம் ஸ்டுடியோவிலிருந்து ரெக்கார்டிஸ்ட் பாஸ்கர் போன் செய்தபோது நான் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ஜல்தி கெளம்பி வாங்க. ஸ்டீபன் அண்ணன் நல்லா வாசிச்சிக்கினே இருக்காரு, திடீர்னு செவுத்தப் பாத்து நிறுத்திட்றாரு. பேஜாராப் போச்சு."

ஸ்டீபன் எங்கள் திண்டிவனம் ஆர்கெஸ்ட்ராவின் கிடாரிஸ்ட். தோள்வரை முடி வளர்த்த ராக் பைத்தியம். திருவிழா மேடையில் ராக் யாருக்கு வேண்டும்? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் அரை நிமிஷ பிஜிஎம்தான் அவன் ராஜ்ஜியம். அது முடிந்ததும் இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பான், நான் சரணத்தை எடுப்பேன். பல வருடம் இதுதான் எங்கள் பிழைப்பு.

இப்போது தன் பெயரில் முதல் ஆல்பம் போடுகிறான். ஜாஸ் ராக்காம். பாட்டே கிடையாதாம். "அப்ப என்னை ஒழிச்சுட்டியா?" என்று கேட்டதற்கு, "ஆமாக்கா" என்று சிரித்தான் கடன்காரன்.

கிளியனூர் வழியாக பஸ் பிடித்துப் போனேன். சென்னையிலிருந்து வந்த டிரம்மர் சாயங்காலம் கிளம்புகிறார். அதற்குள் அந்த நீளமான பீஸ் முடியாவிட்டால் ஆல்பமே இல்லை. ஸ்டீபன் முகம் செத்துப் போயிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு டேக் பார்த்தேன். அரை நிமிஷம் அனல் பறந்தது. பிறகு இடப்பக்கம் திரும்பினான், கை நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயல் சரணத்துக்குக் காத்திருக்கிறான்.

"பாஸ்கரு, அவன் பக்கத்துல ஒரு மைக்க வை. கனெக்‌ஷன் குடுக்காத."

"பாடப் போறீங்களாக்கா?"

"வாயத் தொறக்க மாட்டேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாடகி எடுக்கத் தவறினால் கிடார் நிற்கக் கூடாது, அவள் எடுக்கும்வரை சமாளிக்க வேண்டும். அடுத்த டேக்கில் ஸ்டீபன் திரும்பினான். நான் மைக் முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். அதே பிஜிஎம்மை இன்னொரு தரம் வாசித்தான். முறைத்தான். நான் அசையவில்லை. மூன்றாம் தரம் கொஞ்சம் மாற்றி வாசித்தான். அப்புறம் என்னை மறந்தே போனான். டிரம்மர் சிரித்துக்கொண்டே தாளத்தால் துரத்தினார், இவன் பிடி கொடுக்காமல் ஓடினான். இத்தனையையும் அரை நிமிஷத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் என் பக்கத்தில் நின்றான்?

அந்த டேக்கோடு சிடி வந்தது. அட்டையில் 'குரல்: சரோஜா' என்று போட்டிருந்தான்.

"நான் எங்கடா பாடினேன்?"

"நீங்க பாடியிருந்தா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்க்கா."

மேடைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். சரணம் எடுக்குமுன் பக்கத்தில் வாசிப்பவன் முகத்தை ஒரு தரம் பாருங்கள். அவனுக்கு இன்னும் வாசிக்கப் பாக்கி இருந்தால் ஒரு சுற்று பொறுங்கள். விழாக் கமிட்டிக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.