தனபாலன் அண்ணனின் சிவப்புப் புள்ளி

மலேசியாவின் கிள்ளானில் என் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தனபாலன் அண்ணனின் மகள் அழைத்தார். "அங்கிள், அப்பா தவறிட்டாரு." வடிவமைப்பாளர் தனபாலன் மறைந்துவிட்டார். திறந்த பூட்டை மறுபடியும் பூட்டினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரொட்டி, சோப்பு உறை, நாற்காலி, கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கேட்டாலும் வரைந்து கொடுப்பார். ஆனால் நேர்க்கோடு, வட்டம், மூன்று நிறம், அவ்வளவுதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நவீனக் கலையைக் கிளப்பிவிட்டவர்களைத் தன் பங்காளிகள் போலப் பேசுவார்.

ஒருமுறை என் துணிக்கடைக்குப் பெயர்ப்பலகை கேட்டு அவரிடம் போனேன். "ரெண்டு பக்கமும் மயில் போடுங்கண்ணே" என்றேன். அவர் கையிலிருந்த இரும்பு ஸ்கேல் என் காதோரம் பறந்து சுவரில் மோதியது.

"மயில் வேணும்னா ஜூவுக்குப் போங்க பாஸ்! எழுத்தே போதும்லா."

'சக்தி' என்று கறுப்பில் எழுதினார். நடு எழுத்தின் புள்ளியை மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, ரத்தச் சிவப்பில் வைத்தார். தெருமுனையிலிருந்தே தெரியும். வியாபாரமும் ஏறியது.

வினையும் அந்தப் புள்ளியால்தான் வந்தது. எங்கள் தெருவில் ஆட்டம் போட்ட கும்பலுக்கு ஒரு எதிரிக் கும்பல்; அதன் அடையாளம் சிவப்பு வட்டம். நான் எதிரிப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்து, ஒரு மத்தியானம் பாராங் கத்திகளோடு வந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. துணி அளந்துகொண்டிருந்த ஊழியரின் மண்டை பிளந்தது. என்னை வாசலில் இழுத்துப் போட்டு, கழுத்தை ஒருவன் மிதித்துக்கொண்டு நின்றான். அன்று பலகைக்கு வார்னிஷ் பூச வந்திருந்த அண்ணன் ஏணியில் இருந்தார்.

"யோவ் பெருசு, அந்த வட்டத்த அழி!" என்று தலைவன் கத்தினான்.

"அழிச்சிடுங்கண்ணே" என்று தரையிலிருந்து நானும் கெஞ்சினேன்.

"வட்டம் இல்லடா, புள்ளி! அத எடுத்தா 'சகதி'ன்னு ஆயிடும். சகதியில யாருடா சேலை வாங்குவா?"

அடியாள் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் தலைவனுக்குப் பொறுக்கவில்லை. பாதி ஏணி ஏறி வீசினான். அண்ணன் வலக்கையைப் புள்ளிக்குக் குறுக்கே வைத்தார். அவருடைய இரண்டு விரல்கள் என் முகத்தருகே விழுந்தன. கத்தி நுனி பலகையையும் கிழித்தது. ரத்தம் கொட்டுவதைப் பார்த்துக் கும்பல் ஓடியது.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அண்ணன், "புள்ளி இருக்கா?" என்றுதான் கேட்டார். பிறகு இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். பலகையில் விழுந்த வெட்டை நான் சரிசெய்யப் போனபோது தடுத்தார்.

"விடுங்க பாஸ். ரவுடின்னாலும் கோட்ட நேரா இழுத்திருக்கான்."

இன்று காலை, பூட்டிய கடைக்கு ஏணி போட்டு ஏறி, புள்ளியின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினேன். வெள்ளைத் துணிமேல் அவருடைய கைகளை வைத்திருந்தார்கள். மூன்று விரல்கள் மிஞ்சிய அந்த வலக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. நான் இருக்கும்வரை அது சகதி ஆகாது.