பெரிய மாமனாரிடம் யாரும் கேட்கவில்லை

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் தெருவில் குடியிருந்தோம். எனக்கு நாலு பிள்ளைகள். நாலாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், நான் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று மதுரை டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கைப்பிள்ளை நடக்க ஆரம்பிப்பதற்குள் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. பயத்தில் சோறு இறங்கவில்லை. கருவைக் கலைக்க இப்போது சட்டமே இடம் கொடுக்கிறது என்று தெருவுக்கு வரும் நர்ஸம்மா சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

வெளியே மூச்சு விடக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன். அவரும் பெரிதாகத் தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலையில் தெருவில் எங்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்குள் இழை பிரித்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், பாதியில் யாரும் கையை விட்டுப் போக முடியாது. அதனால் பாகப்பிரிவினை முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் எங்களுக்குப் பஞ்சாயத்து அங்கேதான்.

என் மனுஷர், மதுரைக்குப் போகணும் என்று மட்டும்தான் ஆரம்பித்தாராம். எதுக்கு என்று ஒருவர் கேட்க, கஞ்சி காய்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மாமனாரின் அண்ணன், என் பெரிய மாமனார், அதே பாவில் மறுமுனையைப் பிடித்திருந்தார். எங்கள் குடும்பத்தில் ஆடு வாங்குவதென்றாலும் அவர் உத்தரவு வேண்டும். "பெரியவுகளக் கேக்காம டாக்டரு எதும் செய்ய மாட்டாக. கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், டாக்டர் கேட்கும்போது தான் இருக்க வேண்டும் என்று கூடவே கிளம்பினார். அவருக்கு ஒத்து ஊத நாலு பேர், எதிர்த்துப் பேச ரெண்டு பேர். கண்டக்டர் எங்களைப் பார்த்து, எந்த ஊரில் விசேஷம் என்றார்.

பெரிய மாமனார் ஒரு வார்த்தை மறுத்தால் என் நாலு பிள்ளைகளுக்கும் தாயில்லாமல் போகும். காரியாபட்டியில் பஸ் நின்றபோது அவரே வடை வாங்கி எனக்கும் நீட்டினார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் தின்றேன், நல்ல பசி.

டாக்டரம்மா எங்கள் கூட்டத்தைப் பார்த்து, யாருக்கு உடம்புக்கு என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பெரிய மாமனார் துண்டைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, எல்லாரும் வெளிய உக்காருங்க. இவங்க சம்மதம் மட்டும் போதும், சட்டம் அப்படித்தான்" என்று சொல்லி டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

பிறகு என்னிடம், "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட யாரும் கேட்காத கேள்வி. பழக்கதோஷத்தில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். கதவுதான் இருந்தது. "எனக்கு இது வேணாம்மா. நான் பொழச்சுக் கெடக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து படுத்திருந்தேன். பெரிய மாமனார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார். முகம் தொங்கியிருந்தது. "வேணாம்னு சொல்லுறதுக்குன்னே தறிய நிறுத்திட்டு வந்தேன் தாயி. ஒரு வார்த்த கேக்கலையே அந்தம்மா" என்றார். சிரித்தால் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கருவைக் கலைப்பது பெண்ணின் உரிமையா இல்லையா என்று யார் வாதாடினாலும், எனக்கு அந்தச் சாத்திய கதவும், வெளியே பேச்சைத் தயாராக வைத்துக்கொண்டு கடைசிவரை பெஞ்சில் காத்திருந்த பெரிய மாமனாரும்தான் ஞாபகம் வரும்.